தம் அடிப்பதை நிறுத்த ஏஐ கைகொடுக்குமா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்ற வந்து காத்திருப்பவர்கள், "இந்த ஏஐ-யை வச்சு தம்மை நிறுத்தலாமாமே, அதைப் போட்டுக் குடு" என்று கேட்பது இப்போது சகஜமாகிவிட்டது. அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்வியைப் போட்டு, பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உடம்பு, மருந்து பற்றி இங்கே இருப்பவை உலக சுகாதார நிறுவனம் போன்ற இடங்கள் எல்லோருக்கும் சொல்வதுதான். போன் பற்றியும் ஏஐ பற்றியும் சொல்வது என் அபிப்பிராயம்.

இன்னாபா இது, ஒரு மிசின் கூட பேசினா தம் நின்னுடுமா?

பேச்சால் மட்டும் நிற்காது. ஒரு இழுப்பு இழுத்தால் 10, 20 விநாடிக்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. அதற்குப் பழகிய உடம்பு லேசில் விடாது. ஆனால் அந்த நமநமப்பு நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. வரும், ஏறும், சுமார் ஐந்து நிமிடத்தில் தானாக இறங்கும். அந்த ஐந்து நிமிடத்தைக் கடத்தத்தான் ஆள் வேண்டும்.

ராத்திரி இரண்டு மணிக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், துறைமுக கேட்டுக்காக கன்டெய்னர் லாரியை வரிசையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார் ஒருவர். கிளீனர் தூங்கிவிட்டான். அந்நேரத்துக்கு வீட்டுக்குப் போன் போட்டால் என்னமோ ஏதோ என்று பதறிப்போவார்கள். முன்னால் நிற்கும் லாரி டிரைவர் இறங்கி வந்து நெருப்புதான் கேட்பார். அந்த நேரத்தில் முழித்துக்கொண்டு, சலித்துக்கொள்ளாமல், "என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று கேட்க ஒன்று இருந்தால் உதவிதானே. ஏஐ-க்கு நான் கொடுக்கும் வேலை அவ்வளவுதான். அதற்கு மேல் டாக்டர் வேலையை அதன் தலையில் கட்டாதீர்கள்.

எத்தனையோ ஏஐ கீதே, எதைப் போடறது?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் ஃப்ளோரன்ஸ் என்று திரையில் பேசும் ஒரு ஏஐ உருவத்தைக் கொண்டுவந்தது. புகையிலையை விட நினைப்பவர்களோடு பேசுவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. 2024 ஏப்ரலில் அதற்கு அடுத்ததாக சாரா வந்தது. எட்டு மொழி பேசும் என்றார்கள். இந்தி உண்டு, தமிழ் அந்த எட்டில் இல்லை.

அதனால் நம்மாட்கள் கையில் இருப்பது சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரிப் பொதுவானவைதான். இவை புகையை நிறுத்துவதற்கென்றே செய்தவை கிடையாது. கோடிக்கணக்கான எழுத்தைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணக்குப்போட்டுப் பேசுபவை. தமிழில் பேசினாலும் புரியும், ஆங்கிலம் கலந்து தட்டினாலும் புரியும், மைக்கை அமுக்கி வாயால் சொன்னாலும் புரியும். இலவசப் பதிப்பே போதும். 21 நாளில் சிகரெட்டை விடவைக்கிறோம் என்று முதலிலேயே காசு பிடுங்கும் ஆப்களைக் கடைக்கு வருபவர்கள் காட்டுகிறார்கள். அந்தக் காசுக்கு மருந்துக்கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கலாம்.

இதால விட்டாங்கன்னு யாராச்சும் நிரூபிச்சிக்கீறாங்களா?

பாதி. 2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம், பெரியவர்கள் புகையிலையை விடுவதற்கான சிகிச்சை வழிகாட்டியை முதன்முறையாக வெளியிட்டது. முன்வரிசையில் இருப்பவை மருந்தும் ஆள் தரும் ஆலோசனையும். குறுஞ்செய்தி, செல்போன் ஆப், ஏஐ எல்லாம் அவற்றோடு சேர்த்துக்கொள்ளும் துணையாகவோ, தானே முயல்பவருக்கு ஒரு கருவியாகவோ இருக்கலாம் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. துணை என்ற இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

குறுஞ்செய்திக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. தினமும் செய்தி அனுப்பித் தூண்டினால் விடுபவர்கள் கூடுகிறார்கள் என்று காக்ரேன் அமைப்பு 2019-ல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. உரையாடும் ஏஐ அதைவிடப் புதுசு, ஆராய்ச்சி இன்னும் அந்த அளவுக்குச் சேரவில்லை. ஒரு துணையும் இல்லாமல் விட முயல்பவர்களில் 100-க்கு 4 பேர்தான் ஜெயிக்கிறார்கள் என்றும், ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் அது இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. "நான்லாம் மனசு வச்சா விட்டுடுவேன்" என்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இன்னா டைப் பண்ணணும்?

இங்கேதான் பலரும் சொதப்புகிறார்கள். "சிகரெட்டை எப்படி விடுவது?" என்று கேட்கிறார்கள். அது பத்து யோசனை தருகிறது: தண்ணீர் குடியுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள், நண்பர்களிடம் ஆதரவு கேளுங்கள். எதுவும் தப்பில்லை, எதுவும் உங்களைப் பற்றியும் இல்லை. படித்துவிட்டுப் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பெட்டிக்கடைக்குப் போய்விடுவீர்கள்.

அதனிடம் பதில் கேட்காதீர்கள், உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நான் கடையில் போட்டுக்கொடுப்பது கிட்டத்தட்ட இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"நான் ஒரு நாளைக்கு 12 சிகரெட் பிடிக்கிறேன். எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட். மணலியில் ஷிப்ட் வேலை. வரும் புதன்கிழமை நிறுத்தப்போகிறேன். எனக்கு அறிவுரை சொல்லாதே. ஒரு தடவைக்கு ஒரே ஒரு கேள்வி கேள். நான் சொன்ன பதிலை வைத்து அடுத்த கேள்வியைக் கேள். பேச்சுத் தமிழில், இரண்டு வரிக்கு மேல் போகாமல் பேசு. மருந்து, மாத்திரை பற்றி நான் கேட்டால் டாக்டரைப் பார்க்கச் சொல். ஒன்றே ஒன்று பிடித்துக்கொள்ளவா என்று கேட்டால் சம்மதிக்காதே, ஐந்து நிமிடம் பேச்சுக் கொடு."

எண்ணிக்கை, வேலை, கிழமையை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் என்ற வரி உங்களுக்குப் பொருந்தினால் அதை எடுத்துவிடாதீர்கள். எழுந்ததும் எவ்வளவு சீக்கிரம் பற்றவைக்கிறோம் என்பதை வைத்துத்தான் டாக்டர்களே பிடிப்பு எவ்வளவு என்று பார்க்கிறார்கள்.

கிழமைக்கும் ஒரு காரணம் உண்டு. புகையிலையை விட நினைப்பவர்களோடு பேச அரசு ஒரு உதவி எண் வைத்திருக்கிறது (எண் கடைசியில் இருக்கிறது), அதற்குத் திங்கட்கிழமை விடுமுறை. "திங்கள்லேர்ந்து விட்டுடறேன்" என்று ஆரம்பித்தால் மிகக் கஷ்டமான முதல் நாளில் பேச ஆள் கிடைக்காது. செவ்வாயில் தொடங்கலாம். செவ்வாய் ஆகாது என்பவர்கள் புதன்.

அப்படிக் கேள்வி கேட்டா மட்டும் இன்னா ஆயிடும்?

ஆலோசகர்கள் இதைப் பல வருடமாகச் செய்கிறார்கள். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-ல் குடிநோயாளிகளுக்காக எழுத ஆரம்பித்த முறை இது. விடு விடு என்று அடுத்தவர் சொல்லச் சொல்ல மனசு எதிர்வாதம் தேடும். ஏன் விடணும் என்பதை அவர் வாயாலேயே வரவைத்தால், அந்தப் பேச்சு அவருடையதாகிவிடுகிறது.

கடையில் ஒரு துறைமுக லோடுமேன் அண்ணன் தட்டிக்கொண்டிருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன், அவரே காட்டினார். "காலையில் முதல் சிகரெட் எங்கே வைத்துப் பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டது. "மாடிப்படில." "ஏன் படியில்?" "வீட்ல பேத்தி கீது." "பேத்தி எழுந்துவிட்டால்?" இவர் கொஞ்சநேரம் ஒன்றும் தட்டவில்லை. அப்புறம், "வாய் கொப்புளிச்சுட்டுத்தான் தூக்குவேன்" என்று தட்டினார். அடுத்து அது ஏதோ கேட்டது, அதைப் பார்க்காமல் போனை மடியில் கவிழ்த்துவிட்டு, கண்ணாடி ஒட்டியாச்சா என்று என்னைக் கேட்டார்.

விட்டாரா என்று கேட்காதீர்கள். போனை வாங்கிக்கொண்டு போனவர் அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை.

சும்மா சும்மா "அற்புதமான முடிவு"ன்னு பாராட்டுது. காண்டாவுது.

எல்லோருக்கும் ஆகிறது. எதிரில் இருப்பவரைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளும்படிப் பழக்கப்படுத்தப்பட்டது அது. "பாராட்டாதே, ஆச்சரியக்குறி போடாதே" என்று ஒரு வரி சேருங்கள். இரண்டு நாளில் மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி சொல்லுங்கள்.

இந்தக் குணத்தில் எரிச்சலைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது: வளைந்துகொடுக்கும். "இன்னிக்கு வீட்ல சாவு, ஒண்ணே ஒண்ணு பிடிச்சுக்கட்டா?" என்று உருக்கமாகக் கேட்டால், "உங்கள் வேதனை புரிகிறது, உங்களைக் கடுமையாக நடத்திக்கொள்ள வேண்டாம்" என்று அனுமதிச்சீட்டு மாதிரியே ஒன்றை எழுதிக் கொடுத்துவிடும். சம்மதிக்காதே என்று முன்கூட்டியே எழுதிவைக்கச் சொன்னது இதற்காகத்தான். நமக்கு வேண்டிய பதிலை வாங்கும்வரை மாற்றி மாற்றிக் கேட்கத் தெரிந்தவர்கள் நாம்.

ஒண்ணு பிடிச்சுட்டேன். அவ்ளோதானா?

இல்லை. தடுக்கிய இடத்தை மட்டும் உங்களிடம் கேட்டு வாங்கும்படி ஏஐ-யிடம் சொல்லுங்கள்: எங்கே, யாரோடு, கையில் எப்படி வந்தது. பெரும்பாலும் ஓசிச் சிகரெட்டாகத்தான் இருக்கும். மீதிப் பாக்கெட் இருந்தால் முதலில் அதைக் குப்பையில் போடுங்கள், பேச்சு அப்புறம்.

மாலை போட்டப்ப 48 நாள் தொடவே இல்ல. கழட்டின அன்னிக்கே திரும்ப ஒட்டிக்கிச்சு. அப்ப மட்டும் எப்படி முடிஞ்சுது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஐயப்பனுக்கு மாலை போட்டவர், நோன்பில் பகல் முழுக்க விடுபவர், தவக்காலத்தில் நிறுத்தும் ராயபுரத்துக்காரர் எல்லோரும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். விட்டபின் வரும் எரிச்சல், தலைவலி, தூக்கக்கேடு முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். 48 நாளைத் தாண்டியவர் உடம்பு கேட்பதை ஜெயித்துவிட்டார் என்றுதான் அர்த்தம். மீதி இருந்தது இடம், ஆள், வேளை.

மாலையில் இருக்கும்போது யாரும் சிகரெட்டை நீட்டமாட்டார்கள். "சாமி" என்று கூப்பிடுவார்கள். டீக்கடையில் நிற்கும் நேரம் பஜனைக்குப் போகிறது, செருப்புப் போடாத கால் பெட்டிக்கடைப் பக்கம் திரும்புவதில்லை. கழற்றிய அன்றே இவையெல்லாம் போய்விடுகின்றன. ஆகவே ஏஐ-யிடம் இப்படிச் சொல்லுங்கள்: "நான் 48 நாள் விட்டிருக்கிறேன். அப்போது என்னைத் தடுத்தவை எவை, இப்போது அவற்றில் எதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று ஒவ்வொன்றாகக் கேள்." கதை உங்களிடம் இருக்கிறது, அது எடுத்துக்கொடுக்கும். அடுத்த கார்த்திகை வரை காத்திருக்கத் தேவையில்லை.

டீ குடிச்சா தம் வேணும். டீயையும் விடணுமா?

விடச் சொன்னால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவீர்கள், தெரியும். குறைத்தால் போதும், அதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. சிகரெட் புகை கல்லீரலைத் தூண்டி காஃபினைச் சீக்கிரம் கரைக்க வைக்கிறது. புகையை நிறுத்தியதும் அதே டீ, அதே காபி உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை வரும். அதை "சிகரெட் இல்லாததால்தான்" என்று நினைத்துப் பற்றவைப்பவர்கள் உண்டு. விடும் வாரத்தில் டீயைப் பாதியாக்குங்கள்.

நிக்கோட்டின் சூயிங்கம் போடுபவர்கள் இன்னொன்றும் கவனிக்கணும். டீ, காபி, கலர் குடித்தால் வாயில் அமிலத்தன்மை கூடி மருந்து சரியாக உறிஞ்சப்படாது. கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னாலிருந்தே, வாயில் கம் இருக்கும்போதும், தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். "கம் போட்டுப் பார்த்தேன், வேலைக்கு ஆவல" என்பவர்களில் பலர் ஒரு கையில் டீ கிளாஸோடு மென்றவர்கள். இன்னும் சிலர் பபிள்கம் மாதிரி விடாமல் மென்று, தொண்டை எரிந்து, விக்கல் வந்து துப்பியவர்கள். மெதுவாக மெல்லணும். காரம் மாதிரிச் சுருக்கென்று வந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்கணும். சுருக்குப் போனதும் மறுபடி மெல்லணும். இப்படி அரை மணி நேரம்.

கம், மாத்திரை பத்தி ஏஐ-கிட்டயே கேட்டுக்கலாமா?

பொதுவாக என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கேட்கலாம், உங்களுக்கு எது என்று கேட்காதீர்கள். 2 மில்லிகிராம் கம் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கும். வெரினிக்ளின், புப்ரோபியன் மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். வலிப்பு வந்தவர்களுக்கு புப்ரோபியன் ஆகாது. மனநலத்துக்கு க்ளோசபின், ஒலான்சபின் சாப்பிடுபவர்களும், மூச்சிரைப்புக்கு தியோபிலின் சாப்பிடுபவர்களும் புகையை நிறுத்தும் முன்பே டாக்டரிடம் சொல்லணும். நிறுத்தியதும் அந்த மருந்துகளின் அளவு ரத்தத்தில் ஏறும், டோஸ் மாற்ற வேண்டி வரலாம். நீங்கள் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லாவிட்டால் ஏஐ-க்குத் தெரியாது, அது கேட்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

வேப், அதாவது இ-சிகரெட் சமாச்சாரமும் இருக்கிறது. இங்கிலாந்தில் அரசு மருத்துவத் துறையே சிகரெட்டை விட வேப்புக்கு மாறச் சொல்கிறது. அதையெல்லாம் படித்த ஏஐ உங்களுக்கும் அதைச் சொல்லக்கூடும். இந்தியாவில் 2019-லிருந்து இ-சிகரெட்டைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் சட்டப்படி தடை. பர்மா பஜார் பக்கம் ரகசியமாகக் கிடைக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் பீடிதான். அதுல புகையில கம்மிதானே?

இலைக்குள் இருக்கும் தூள் குறைவுதான். ஆனால் அணையாமல் இருக்க அடிக்கடி ஆழமாக இழுக்கணும், அதனால் நிக்கோட்டின், தார், கார்பன் மோனாக்சைடு எல்லாம் சிகரெட்டுக்குக் குறையாமல், அதிகமாகவே உள்ளே போகிறது. ஏஐ-யிடம் எண்ணிக்கை சொல்லும்போது கட்டு கணக்கில் சொல்லாமல் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லுங்கள்.

வாயில் அடக்கும் புகையிலையான மாவா போடுபவர்களுக்கும் இதே வழிதான், இதே உதவி எண்தான். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் ஏஐ, கம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு நேராகப் பல் டாக்டரிடம் போங்கள்.

கடலுக்குப் போறோம், அங்க ஏது சிக்னல்?

காசிமேட்டிலிருந்து வருபவர்கள் எல்லோரும் கேட்பது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் வரைக்கும்தான் கோபுரம் எட்டும். நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகில் ஏஐ வெறும் டப்பா. அங்கே வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் நீளம், கூட இருப்பவர்கள் அத்தனை பேரும் பற்றவைப்பார்கள், கடைக்குப் போகாதே என்று மனசை அடக்கவும் வழியில்லை. பாக்கெட் பாக்கெட்டாக வாங்கித்தானே ஏறுகிறார்கள்.

என் யோசனை, முதல் வாரத்தைக் கரையில் கழியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. விட்டதும் வரும் தலைசுற்றலும் எரிச்சலும் விஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கும்போது வேண்டாம், தரையில் உட்கார்ந்து வலை பின்னும்போது வரட்டும். "தடைக்காலத்துலதான் அண்ணா ரெண்டு மடங்கு பிடிப்போம், கையில வேலை இல்ல, கடன் தலைக்கு மேல கீது" என்று ஒரு தம்பி சொன்னான். அவன் சொல்வதும் உண்மை. ஆனால் சிக்னல் இருக்கிறது, உதவி எண் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. கடலில் இவை மூன்றும் இல்லை.

ஏறுவதற்கு முந்தின நாள் ஏஐ-யோடு உட்காருங்கள். "மூன்றாம் நாள் ராத்திரி எனக்கு என்ன தோணும், அப்போது நான் எனக்கே என்ன சொல்லிக்கொள்ளணும் என்று கேட்டுக் கேட்டு எழுதி வை" என்று சொல்லுங்கள். வந்ததைப் பார்த்து, உங்கள் குரலிலேயே போனில் ரெக்கார்டு பண்ணிக்கொள்ளுங்கள். கடலில் அதைப் போட்டுக் கேட்க சிக்னல் வேண்டாம். நிக்கோட்டின் கம் எடுத்துப்போனால் தண்ணீர் படாத டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணூர் காத்தையே முழுங்கினு கீறோம். இதுல பீடிய விட்டு இன்னாத்துக்கு?

கோபம் நியாயமானது. 2023 டிசம்பரில் ஒரே மாதத்துக்குள் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது, ராத்திரியில் அமோனியா கசிந்து ஜனங்கள் கண்ணெரிச்சலோடு தெருவுக்கு ஓடிவந்தார்கள். அந்தக் காற்றை உங்களால் இன்று மாலைக்குள் மாற்ற முடியாது.

ஆனால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். தூசியும் புகையும் ஏற்கெனவே புண்ணாக்கிய மூச்சுக்குழாயில் பீடிப் புகை மேலும் விழுகிறது. மணலி, எண்ணூர்க்காரருக்கு விடுவதற்கான காரணம் அடையாறுக்காரரைவிட ஒன்று அதிகம். கடைசிச் சிகரெட்டுக்கு 12 மணி நேரத்துக்குப் பிறகு ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு சாதாரண அளவுக்கு இறங்குகிறது. ஒரு வருடத்தில் மாரடைப்புக்கான கூடுதல் ஆபத்து பாதியாகிறது. காற்று எப்படி இருந்தாலும் இவை நடக்கும். ஏஐ-யிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் "காற்று சுத்திகரிப்பான் வாங்குங்கள்" என்று சொன்னாலும் சொல்லும். சிரித்துவிட்டுப் போங்கள்.

வீட்ல எல்லாருக்கும் ஒரே போன். பையன் பார்த்துட்டா?

பேச்சு முழுக்க ஆப்பில் சேமிக்கப்பட்டிருக்கும், யார் திறந்தாலும் படிக்கலாம். வெளியே காட்டாத தற்காலிக உரையாடல் வசதி சிலவற்றில் இருக்கிறது. இல்லையென்றால் பேசி முடித்ததும் அந்த உரையாடலை அழித்துவிடுங்கள். உங்கள் பேச்சைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா என்ற பொத்தான் செட்டிங்ஸில் இருந்தால் அணைத்துவிடுங்கள், தெரியாவிட்டால் கடைக்குக் கொண்டுவாருங்கள், காசு வாங்கமாட்டேன். பெயர், ஆதார், கம்பெனி, ஸ்கேன் ரிப்போர்ட் எதையும் அதில் போடவேண்டாம். பேத்தியைப் பற்றிச் சொல்லலாம், பேத்தியின் பெயர் எதற்கு?

பையனுக்குத் தெரியாமல் பிடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பையனிடம் ஒருமுறை கேட்டுப்பாருங்கள். அவனுக்கு எல்லாம் தெரியும்.

எங்க வூட்டுக்காரருக்காக நான் பேசலாமாண்ணா?

பேசலாம்மா, ஆனால் அவர் போனில் அவர் மாதிரி நடித்து வேண்டாம். உங்கள் போனில், "என் கணவர் ஒரு வாரமாக விட்டிருக்கிறார், எரிந்து விழுகிறார். நான் என்ன சொன்னால் சண்டை வராது?" என்று கேளுங்கள். இதற்கு அது நன்றாகவே பதில் சொல்கிறது. முதல் இரண்டு வாரக் கோபம் உங்கள் மேல் வந்த கோபம் கிடையாது. சட்டையை மோந்து பார்ப்பதையும் பாக்கெட்டைத் துழாவுவதையும் அந்த இரண்டு வாரத்துக்காவது நிறுத்திவையுங்கள்.

விட்டதுல இருந்து மனசே சரியில்ல. செத்துடலாம் போலக்கூட தோணுது.

இதை ஏஐ-யிடம் பேசவேண்டாம். 14416, டெலி-மானஸ். மனநலத்துக்கான அரசு எண், இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். அல்லது ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய் மனநலப் பிரிவைக் கேளுங்கள், அவசரம் என்றால் எந்நேரமும் அவசரப் பிரிவு. அமெரிக்காவில் உணவுக் கோளாறு (பட்டினி கிடப்பது போன்ற மனநோய்) உள்ளவர்களுக்காக ஒரு சங்கம் வைத்திருந்த டெஸ்ஸா என்ற சாட்பாட், அவர்களுக்கே எடை குறைக்கும் யோசனை சொன்னதால் 2023-ல் நிறுத்தப்பட்டது. நல்ல எண்ணத்தில் வைத்ததுதான் அதுவும். விட்ட சில வாரம் மனசு தாழ்வது பலருக்கும் வரும், பெரும்பாலும் போய்விடும், ஆனால் சாகும் நினைப்பு வந்தால் மனுஷக் குரல் வேண்டும்.

அந்த அரசாங்க நம்பர் இன்னா, அதுல யார் பேசுவாங்க?

1800-11-2356. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது. படத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திருப்பி வைப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. டில்லியில் 2016-ல் தொடங்கியது. இப்போது பெங்களூர் நிமான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து தென்னிந்திய மொழிகளில் பேசுகிறார்கள், தமிழும் உண்டு. காலை 8 முதல் இரவு 8 வரை, திங்கள் விடுமுறை. பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். நீங்கள் சம்மதித்தால் அவர்களே திரும்பக் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள். உங்களை அது தானாகக் கூப்பிட்டு விசாரிக்குமா, இந்த ஏஐ? பெரும்பாலும் நீங்கள் போனால்தான் உண்டு.

பகலில் அந்த எண், ராத்திரியில் ஏஐ என்று பிரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஏஐ கேட்ட கேள்விகளில் உறுத்தியது எதுவோ அதை மறுநாள் ஆலோசகரிடம் சொல்லுங்கள். லைன் கிடைக்காத நாளில் திரும்பப் போடுங்கள், அரசாங்க நம்பர்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

சிகரெட்டை விட்டுட்டேன். இப்ப போனை விட முடியல, ஏஐ-கூட பேசிக்கினே கீறேன்.

மூன்று மாதம் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை ராத்திரி 11 மணிக்கு மேல் சிகரெட்டைத் தவிர வேறு எதையும் அதனிடம் பேசுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் நிற்கவில்லை என்றால் பேட்டரி மாற்ற வாருங்கள்.